பன்னிரண்டேகால் மணிக்கு இரண்டு இருக்கை

காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடி நான்காம் உணவகத்தைத் திறந்ததும் ஜெசிந்தா முதலில் பார்ப்பது அடுப்பை அல்ல, திரையை. யாருக்கு எந்த இருபது நிமிடம் என்று, இடம் ஒதுக்கும் கணினியான இடங்கணி அதில் போட்டு வைத்திருக்கும். இருக்கைகள் முந்நூறு. காத்திருப்போர் எட்டாயிரம். ஓர் இடம் காலியானால் கண் மூடித் திறப்பதற்குள் வேறு பெயர் ஏறிவிடும்.

வீட்டில் பொங்கித் தின்றால் என்ன என்று கேட்பீர்கள், கண்ணுகளா. வெயில் முற்றிப்போய், வீட்டுக்குள் தீ மூட்டத் தடை வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. அரிசி கடைக்கே வராது. நேராக உணவகத்துக்குப் போய்விடும். முன்பதிவு இருந்தால் சோறு. சொல்லாமல் மூன்று முறை வராவிட்டால் பதிவு போய்விடும்.

ஜெசிந்தாவின் தெருவில்தான் சுடலைமணி இருந்தார், துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பவர். ஒரு மதியம் வெயிலில் சுருண்டு விழுந்தவர் எழவில்லை. மனைவி பேச்சிக்கனி, ஒன்பது வயது மகள் முத்துச்செல்வி. துட்டி வீட்டார், அதாவது சாவு விழுந்த வீட்டார், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வெளியே போய்ப் பந்தியில் உட்கார மாட்டார்கள். அவர்கள் பெயரில் வராத குறி விழக்கூடாதே என்று ஜெசிந்தா தன் கையாலேயே திரையில் தட்டினாள்: 'பதினாறு நாள் வரமாட்டார்கள்.' வெளியூர் போகிறவர்களுக்கும் அப்படித்தான் போடுவாள். திரும்பி வந்ததும் இடம் கிடைத்துவிடும்.

துட்டி வீட்டைப் பட்டினி போடுகிற தெருவா அது? ஆளுக்கு ஒரு கைப்பிடி, தட்டிலிருந்து எடுத்து, துண்டிலும் முந்தானையிலும் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

பதினேழாம் நாள் பன்னிரண்டேகாலுக்குத் தாயும் மகளும் தலைவாரி வந்தார்கள். வாசலில் பதித்திருந்த எடைத்தட்டில் ஏறி நின்றார்கள்.

"என்னக்கா, கதவு தெறக்க மாட்டேங்குது?"

"இரு பேச்சி, பாக்கேன்."

திரையில் மூன்று வரி இருந்தது. 'பதினாறு நாள் எந்த ஊர் உணவகத்திலும் உண்ணவில்லை. எடை குறையவில்லை. தேவை இல்லை.'

ஜெசிந்தா மாவட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"சிஸ்டம் சொல்றது சரிதானம்மா? அவங்களுக்கு வேற எங்கயோ சாப்பாடு இருக்கு."

"தெருக்காரங்க குடுத்தது சார். துட்டி வீடுல்லா?"

"அப்ப இனியும் குடுப்பாங்கல்ல?" அந்தக் குரலில் கோபமில்லை, கேலியுமில்லை. "பத்து சதவீதம் எடை எறங்கட்டும்மா. தன்னால தெறந்துக்கும்."

ஜெசிந்தா வந்து சொன்னதைக் கேட்டுப் பேச்சிக்கனி சிரிக்கப் பார்த்தாள். "அவரு இருந்தவரைக்கும் என்னைய குண்டுன்னுதான் சொல்லுவாரு. இப்ப மிஷினும் சொல்லிட்டு."

அன்று சாயங்காலம் ஜெசிந்தா முந்தானையில் சோறு முடிந்துகொண்டு போனாள். பேச்சிக்கனி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"வேண்டாங்க்கா."

"புள்ளைக்காவது குடு, தாயி."

"எத்தன நாளைக்கு அள்ளிட்டு வருவீங்க? ஒங்க தட்டுலயும் அளந்துதான விழுது. நாளைக்கு ஒங்க வீட்லயும் ஒண்ணுன்னா என்ன செய்வீங்க?" குரல் தணிந்தது. "இந்தச் சோறு எறங்குனா எட எறங்காதுக்கா. நீங்க போங்க."

முத்துச்செல்வி அம்மாவின் இடுப்போரமாக எட்டி, ஜெசிந்தாவின் முந்தானை முடிச்சைப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அதே தெருவில் இன்னொரு சாவு. பிணத்தை வீட்டில் கிடத்திவிட்டு மூன்று மகன்களும் நேரம் தவறாமல் வந்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை.

தாயும் மகளும் தினம் பன்னிரண்டேகாலுக்கு வந்து தட்டில் ஏறிவிட்டுப் போனார்கள். குழந்தையின் எடை இருபத்துநான்கு கிலோவில் தொடங்கியது. இருபத்தொன்று புள்ளி ஆறுக்கு இறங்க வேண்டும். காலையில் திரையைத் திறந்ததும் ஜெசிந்தா இப்போது முதலில் தேடுவது அந்த ஓர் எண்ணைத்தான்.

ஒன்பதாம் நாள் முத்துச்செல்வி சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இருபத்திரண்டு புள்ளி ஒன்று. முந்தைய நாளைவிட முந்நூறு கிராம் குறைவு.

"நல்லா எறங்குதுடி, தங்கம்," என்று ஜெசிந்தா சொல்லிவிட்டாள்.

பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல அந்தக் குழந்தை சிரித்தது.