மேற்கு யன்னலுக்கு வராத வெயில்

ஞாயிறு, காலை 10.20.

ஆராதனை முடிந்து நேரே தம்பி வீட்டுக்கு வந்த நேசமலர், முன்கதவைத் தட்டித் தட்டிக் கை நொந்து பின்பக்கம் போனார். பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே, மேற்கு யன்னலை ஒட்டிய கட்டிலில், நாற்பத்தாறு வயதுக் கணக்கு வாத்தியார் ஏர்னெஸ்ட் சங்கிலியால் கட்டுண்டு கிடந்தார். சங்கிலியில் பூட்டு. உதடு வெடித்து, பேச்சில்லை. உயிர் இருந்தது, அந்த மட்டில் கர்த்தருக்குத் தோத்திரம்.

ஊருக்கு உடனே ஆள் கிடைத்துவிட்டது. பக்கத்து வாழைத்தோட்டக்காரர் நமசிவாயம். வெள்ளி பின்னேரம் வேலிச் சண்டையில் "உன்னைக் கட்டி வைச்சு உதைக்கிறன் பார்" என்று அவர் கத்தியதை நீர்வேலி ஊரில் பாதிப்பேர் கேட்டிருந்தார்கள். மீதிப்பேர் கேட்டதாகச் சொன்னார்கள்.

திங்கள், காலை 8.15. பொலிஸ் நிலையம்.

இரண்டு மணிக்கு நமசிவாயத்தை நீதவான் முன் நிறுத்துவதென்று பொறுப்பதிகாரி முடிவுகட்டியிருந்தார். வழக்கு விழுந்தால் மனுஷன் நாட்டைவிட்டு அசையமுடியாது. புதன்கிழமை அவருக்குக் கனடா பிளைட். நாலு தரம் மறுத்த விசா இப்போதுதான் கிடைத்தது. பேரப்பிள்ளையை அவர் இதுவரை போனில் மட்டுமே கண்டிருக்கிறார்.

சப் இன்ஸ்பெக்டர் லவீனா அவருக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"சண்டை எதுக்கு, ஐயா?"

"வேலியைக் கறையான் திண்டிட்டுது, பிள்ளை. புது ஓலைக்கிடுகு வைச்சு ரெண்டு முழம் உசத்தி அடைப்பமெண்டன். மனுஷன் குறுக்கை நிண்டிட்டார்."

"என்ன சொன்னார்?"

"உசத்தினால் தன்ரை யன்னலுக்கு வெயில் வராதாம்."

லவீனா நிமிர்ந்தாள். "மேற்கு வெயிலோ?"

"ஓம்! அதிலைதானே எனக்கு விசர் வந்தது. இந்த வெக்கைக்குள்ளை ஆர் பின்னேர வெயிலைக் கேட்டு அழுகிறது?"

"பேந்து?"

"ஊருக்குப் பொறுப்பான விதானையார் வந்து, திங்கள் வரைக்கும் ஒருத்தரும் வேலியிலை கை வைக்கக்கூடாதெண்டார்."

"வைச்சீங்களோ?"

நமசிவாயம் நிலத்தைப் பார்த்தார். "சனி ரெண்டு மணிக்குக் கூலிக்கு ஆள் பிடிச்சு வேலியை அடைச்சுப்போட்டன். பிழைதான். ஆனால் அவரிலை என்ரை விரல் படேல்லை. சத்தியமாய்."

"ஏர்னெஸ்ட் சேர் வந்து தடுக்கேல்லையோ?"

"அதுதான் அதிசயம். வீட்டுக்குள்ளையிருந்து ஒரு சத்தமும் இல்லை. பயந்திட்டாராக்குமெண்டு நினைச்சன்."

காலை 9.40. ஏர்னெஸ்டின் வீடு.

வெட்டி எடுத்த சங்கிலி மேசையில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு துவாய்த் துண்டுகள். மணிக்கட்டில் சங்கிலி படாமல் பக்குவமாகச் சுற்றியிருந்தவை. கள்ளனுக்கு இவ்வளவு இரக்கமா என்று லவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. அலுமாரி, மணிபேர்ஸ், லப்டொப் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன.

கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, யன்னல் கம்பியில், தடித்த மெழுகுதிரி ஒன்று கம்பியால் படுக்கையாகக் கட்டியிருந்தது. பொலிஸ் குறிப்பில் அது 'செபத் திரி' என்று இருந்தது.

"அக்கா, உங்கடை வீடுகளிலை திரி கொளுத்திச் செபிக்கிறதோ?" என்று வாசலில் நின்ற நேசமலரைக் கேட்டாள்.

"சீ, நாங்கள் மெதடிஸ்ற் அல்லோ. எங்களுக்குச் சொரூபமும் இல்லை, திரியும் இல்லை. கரண்ட் நிண்டால் கொளுத்த வைச்சிருப்பான்."

கரண்ட் நின்றால் கொளுத்துவதை ஆராவது யன்னலில் படுக்கப் போடுவார்களா? அதன் நூலும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒருநாளும் நெருப்பைக் கண்டதில்லை. கட்டில் சட்டத்திலோ, பல தரம் விழுந்து பல தரம் சுரண்டிய மெழுகுக்கறை.

குருநகரில் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவளுக்கு மெழுகுதிரியைப் பற்றி ஒருவரும் பாடமெடுக்கத் தேவையில்லை. மாதா கெபிக்கு முன்னால் காலையில் நட்டது, வெயில் நேரே விழுந்தால் பின்னேரம் மூன்று மணிக்கு வளைந்து கும்பிடுபோடும். லவீனா யன்னலால் எட்டிப் பார்த்தாள். நாலடிக்கு அப்பால், பச்சை மணம் மாறாத புதுக்கிடுகு வேலி யன்னலின் உச்சிவரை நின்றது.

பேனாக்கத்தியை எடுத்து மெழுகுதிரியைக் கீறினாள். உள்ளே சின்னத் திறப்பு ஒன்று இருந்தது, சங்கிலிப் பூட்டின் சாவி.

"ஐயோ, அதென்ன பிள்ளை?"

"தம்பியைக் கேட்டிட்டுச் சொல்லுறன், அக்கா."

காலை 11.30. ஆஸ்பத்திரி.

லவீனா திரைச்சீலையை இழுத்து மூடினாள். திறப்பைப் போர்வைமேல் வைத்தாள். ஏர்னெஸ்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களை ஒருத்தரும் கட்டேல்லை, சேர். நீங்களே பூட்டினீங்கள். பின்னேர வெயிலுக்கு மெழுகு இளகி, திறப்பு உங்கடை கையிலை விழவேணும். எத்தினை தரம் விழுந்திருக்கு. சனிக்கிழமை மட்டும் வெயில் வரேல்லை. திங்கள் வரைக்கும் வேலி எழும்பாதெண்டு விதானையாரை நம்பினீங்கள்."

ஏர்னெஸ்ட் திறப்பைப் போர்வைக்குள் இழுத்து மறைத்தார்.

"எனக்கு அப்பிடிக் கிடந்தால்தான் மனம் அடங்கும்," என்றார் கடைசியில். "சின்ன வயசிலேயிருந்து. ஒருத்தருக்கும் கெடுதல் செய்யேல்லை."

"ஓம், சேர். ஆனால் உயிர் போகப் பாத்ததே. நமசிவாயம் ஐயா நாலடி தள்ளி நிண்டு வேலி அடைக்கேக்கை ஒரு குரல் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தால் வந்திருப்பார்." கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "வந்து பாத்திருப்பார். அதைவிடச் சாகலாமெண்டு கிடந்திட்டன்."

"அவரை ரெண்டு மணிக்குக் கோர்ட்டிலை நிப்பாட்டப்போகினம். புதன் பேரனைப் பாக்கப் போறவர்."

ஏர்னெஸ்ட் சட்டென்று எழும்பப் பார்த்தார், முடியவில்லை. "எனக்கு உது தெரியாதே! பேப்பரைத் தாங்கோ."

படுத்தபடியே எழுதினார்: 'என்னை நானே கட்டினேன். நமசிவாயத்தார் குற்றமற்றவர்.' ஏன் என்றும் எழுதப் போனவரை லவீனா மறித்தாள்.

"அது சட்டத்துக்குத் தேவையில்லை, சேர்."

பகல் 1.25.

பொறுப்பதிகாரி கடதாசியை இரண்டு தரம் வாசித்தார், தலையைச் சொறிந்தார், நமசிவாயத்தை விட்டார்.

புதன், காலை 6.30.

கொழும்பு வான் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. நமசிவாயம் பயணச்சட்டையோடு ஏணியில் நின்று, ஏர்னெஸ்டின் யன்னலுக்கு நேரே இரண்டு வரிசைக் கிடுகை அறுத்து இறக்கிக்கொண்டிருந்தார். தம்பி வீட்டில் நின்ற நேசமலரைப் பார்க்க வந்த லவீனா வாய்பிளந்து நின்றாள்.

"பிளைட் போகப்போகுது, ஐயா!"

"வெயில் வேணுமெண்டு கேட்ட மனுஷன். வரட்டும்." இறங்கி, கையைச் சாரத்தில் துடைக்கப் போய், காற்சட்டை என்று கண்டு விட்டுவிட்டார். "எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை. தெரியவும் தேவையில்லை. நான் திரும்பி வந்தாப்பிறகு, அந்தாள் எப்ப கூப்பிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் போவன். அதை மட்டும் அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ."