கணப்புக்குள் போன தட்டு

என் குடிசைக்குப் பக்கத்தில் சிறுமி நெல்டாவின் வீடு. அங்கிருந்த கணப்பு ஒரு மாடு படுக்கிற அளவு பெரியது. எல்லாம் கல். பார்க்க அழகு, பயனுக்குப் பூஜ்யம். எவ்வளவு விறகு போட்டாலும் சூடு புகைக்கூண்டு வழியாக வானத்துக்குப் போய்விடும். கடவுளுக்குக் குளிர்கிறது என்று யார் சொன்னார்களோ!

வீடு, அவள் அப்பா வேலை பார்க்கும் ஆட்டுப் பண்ணையின் முதலாளியுடையது. "அவரு தாத்தா கட்டின கணப்பு. ஒரு கல்லை அசைச்சாலும் மூட்டையைக் கட்டிட்டுப் போக வேண்டியதுதான்" என்று காரியஸ்தர் சொல்லியிருந்தார். சொன்னவர் வீட்டில் இரண்டு இரும்பு அடுப்பு.

பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் ஜூலைதான் கடுங்குளிர். அந்தப் பனியில் நெல்டாவுக்குத் தம்பி பிறந்தான். ஒரு மாதம் முந்திவிட்டான். தோலுரித்த முயல் மாதிரி இருந்தான். ஆப்பிள் பெட்டியில் ஆட்டுத்தோல் விரித்துப் படுக்க வைத்தார்கள்.

"மருந்து ஒண்ணும் கிடையாது. உடம்பு சில்லிடாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மருத்துவச்சி போனாள். அன்று மாலையே பனி பாதையை மூடிவிட்டது.

போன குளிரிலும் அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. அதற்குக் குழி தோண்டக் கடப்பாரை பிடித்தவன் பக்கத்துக் குடிசைக்காரனான நான்தான். தரை கல்லாக உறைந்திருந்தது. அதனால் இந்த முறை நான் நம்பிக்கையே வைக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பி அழுவதை நிறுத்தினான். பாலும் குடிக்கவில்லை. அவனுடைய கால் விரல்கள் நீலமாக இருந்தன. அம்மா ஒஃபேலியா அவற்றை ஊதிக்கொண்டே இருந்தாள். அப்பா செகுந்தோ பனியில் புதைந்த ஆடுகளைத் தேடிப் போயிருந்தார்.

சுவரில் அப்பாவின் தட்டு தொங்கியது. நிலம் உழும் சட்டிக் கலப்பையிலிருந்து கழற்றிய வட்ட இரும்பு அது. ஞாயிறுதோறும் முற்றத்தில் அதில்தான் ஆட்டிறைச்சி வேகும். அன்று கூரை ஒழுகி அது நனைந்துவிட்டது. துருப் பிடித்தால் அப்பா சும்மா விடமாட்டார். நெல்டா அதைத் துடைத்து, காய்வதற்காகத் தீயின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

சிறிது நேரத்தில் பூனை எழுந்து வந்து தட்டின் எதிரே படுத்துக்கொண்டது.

நெல்டா அங்கே கையை நீட்டினாள். சூடு!

"தாத்தா, இதைத் தீக்குப் பின்னாடி நிறுத்தினா சூடு நம்ம பக்கம் திரும்புமா?" என்று, துணைக்கு வந்து உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்டாள்.

"திரும்பும். உங்கப்பன் கையும் உன் கன்னத்துப் பக்கம் திரும்பும். அந்தத் தட்டுல இருபது வருஷக் கொழுப்பு ஏறியிருக்குடி. அது எரிஞ்சா இனிமே கறி ஒட்டிக்கும்."

எங்கள் ஊரில் அடுத்தவன் தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாலே சண்டை வரும்.

"தாத்தா, தம்பி பொறந்து எத்தனை நாள்?"

"மூணு."

"கொழுப்பு திரும்ப ஏறும்ல?"

நான் பெட்டிக்குள் இருந்த நீல விரல்களைப் பார்த்தேன்.

அவள் தட்டைக் கணப்பின் பின்சுவரில் சாய்த்து, விறகை அதன் முன்னால் நெருக்கி அடுக்கினாள். கொழுப்பு எரிந்து நாறியது. புகை கண்ணைக் கரித்தது. "நான்தான் சொன்னேனே" என்று வாயெடுத்தேன். அதற்குள் என் முழங்காலில் சூடு அடித்தது. காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டேன்.

"இது உன் இடமில்ல, போ!" என்று பூனையை விரட்டிவிட்டு, சூடு அளவாக விழும் இடத்தில் பெட்டியை இழுத்து வைத்தாள்.

இருட்டுவதற்கு முன் அப்பா வந்தார். மீசையில் பனி உறைந்திருந்தது. கணப்பைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"என் தட்டு."

"ஆமாப்பா" என்றாள் நெல்டா. "ஆனா ஒரு கல்லைக்கூட அசைக்கலப்பா."

அப்பா பெட்டி அருகே குனிந்தார். கையுறையைக் கழற்றி, குழந்தையின் பாதத்தைத் தொட்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. குளிர்ந்த கை பட்ட எரிச்சலில் பயல் துருப்பிடித்த கதவு போலக் கிறீச்சென்று கத்தினான். அம்மா அவனை வாரி எடுத்தாள். பால் குடித்தான்.

அப்பா தீயைக் கிளறும் கம்பியை எடுத்தார். நெல்டா பயத்தில் ஓரடி பின்வாங்கினாள்.

"கோணலா வச்சிருக்கே, கழுதை" என்றபடி, அவர் தட்டைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தார்.

பனி உருகிய பிறகு வந்த முதல் ஞாயிறு. முற்றத்தில் இறைச்சி தட்டோடு ஒட்டிக்கொண்டது. அப்பா சுரண்டிச் சுரண்டி, வாய்க்கு வந்தபடி திட்டினார். பெட்டிக்குள்ளிருந்து தம்பி அவரைவிடச் சத்தமாகக் கத்தினான்.