நாலாம் பிரஸ் பாட்டு

கம்பெனி பஸ் வல்லக்கோட்டைக் கோயில் வளைவில் ஆள் ஏற்றிக்கொண்டு ஒரகடம் நோக்கித் திரும்பியது. ஸ்ரீமதிக்கு அன்று முதல் நாள். புதுச் சீருடையின் காலர் கழுத்தை அறுத்தது. மடியில் சோற்று டப்பா. காலையில் மகள் மகிழினிக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டு, வாசலில் நின்று அழுதவளைத் திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு அண்ணன் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். அங்கே தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோற்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இந்த வேலை நிலைத்தால் ஒற்றை அறையாவது வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

பெரிய கார் ஆலைகளின் மதில்களைத் தாண்டி, லாரிகள் நிற்கும் சந்தின் கடைசியில் அந்த ஷெட் இருந்தது. கார் கதவின் பூட்டுக்கான தகடுகளை அங்கே அடித்தார்கள். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே நுழைந்ததும் வெயில் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை. பிரஸ் இயந்திரங்கள் இறங்கி ஏறும் அதிர்வு செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறியது.

சுவரில் வரிசையாகப் பலகைகள். கையுறை அணியவும். செல்போன் கூடாது. அதற்குக் கீழே, மற்றவற்றைவிடப் புதிய பெயின்ட்டில் ஒன்று.

பாடக்கூடாது.

"இது இன்னாக்கா?" என்று பக்கத்தில் நின்ற ஞானம்மாவைக் கேட்டாள். மூன்றாம் பிரஸ் ஓட்டும் ஞானம்மா அந்த ஷெட்டில் எல்லோருக்கும் மூத்தவள்.

"படிக்கத் தெரியுதுல்ல? அப்புறம் இன்னா. வாய மூடிக்கினு வேலையப் பாரு."

நாலாம் பிரஸ்ஸை ஸ்ரீமதிக்குக் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் விமல் விளக்கினான். தகட்டை உள்ளே வைக்க வேண்டும். கைகளை வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் உள்ள பச்சைப் பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். அப்போதுதான் மேல்கட்டை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இடது பட்டன் ஏற்கனவே அமுங்கியிருந்தது. பழுப்பு டேப்பை இறுக்கிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள்.

"இது?"

விமல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இடது கையில தகட்ட வெச்சினே வலது கையில அமுக்கலாம். சீக்கிரமா ஓடும். மேனேஜர் சொல்லிக்கீறாரு."

முதல் வாரம் கை பழகியது. வை, எடு, அமுக்கு. இரண்டாம் வாரம் ஒரு பிற்பகலில், சாப்பாட்டுக்குப் பிறகான அசதியில், கண் சொருகும் நேரத்தில், அதைக் கேட்டாள்.

ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியில், ஒரு பெண் குரல்.

ஸ்பீக்கரில் வருவதுபோல இல்லை. தோளுக்குப் பின்னால் யாரோ நின்று, வாயைத் திறக்காமல் முனகுவதுபோல இருந்தது. அடுத்த இடைவெளியில் சொற்கள் வந்தன.

*வண்டி வருது, வெளிச்சம் வருது,*
*வாசல் தாண்டிப் போறேன் கண்ணே.*

வாசலில் நின்று அழுத மகிழினியின் முகம் கண்முன் வந்தது. ஸ்ரீமதிக்குக் கண்ணீர் பொங்கியது. துடைப்பதற்காக இடது கையை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

மேல்கட்டை இறங்கியது.

அவள் வலது பட்டனைத் தொடவே இல்லை.

கை இருந்த இடத்தில் தகடு மட்டும் நசுங்கிக் கிடந்தது.

தேநீர் வேளையில் ஞானம்மா அவளைக் கேன்டீனுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். சுவரோரம் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா?"

ஸ்ரீமதி தலையாட்டினாள்.

"பேரு செந்தாமரை. உன் பிரஸ்ஸுதான் ஓட்டுனா. அவ பாடுனா ஃபோர்க்லிஃப்ட்காரன் வண்டிய நிறுத்திப்புட்டு நிப்பான். நானு எங்க சர்ச்சுல எவ்ளோ பேரு பாடிக் கேட்டுக்கீறேன். அது மாதிரி ஒண்ணு கேட்டதில்ல. பஸ்ஸுக்கு நின்னுக்கினே அவளே கட்டுன பாட்டு அது. ஆயுத பூஜைக்கு அவளத்தான் மேடையில ஏத்துவாங்க. மேனேஜரு வரதராஜுலு கீறாரே, முன்னாடி சேர் போட்டு உக்காந்துக்கினு கண்ணத் துடைச்சித் துடைச்சிக் கேப்பாரு. கண்ணு கலங்குறவன் எல்லாம் நல்லவன்னு நெனச்சிக்கினு இருந்தேன் நானு."

"என்னாச்சிக்கா?"

"டேப்பு அப்பவும் இருந்திச்சி. இடது கை உள்ள மாட்டிக்கிச்சி. மேல்கட்டயத் தூக்க ஒரு பட்டன் கீது, அத அமுக்குனா போதும். ஓடியாந்தாரு வரதராஜுலு. அமுக்கல. மொதல்ல டேப்பப் பிரிச்சாரு. நகத்தால சொரண்டிச் சொரண்டி. எங்களையும் கிட்ட வுடல. பசை தெரியக்கூடாதுன்னு துணி வெச்சித் துடைச்சாரு. அவ கை உள்ளயே இருந்திச்சி."

"கத்தலியா அவ?"

ஞானம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கத்தல. பாடினா."

மதிலுக்கு அப்பால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அவர் மூஞ்சியப் பாத்துக்கினே பாடினா. நாங்க எல்லாம் மரம் மாதிரி நின்னு அழுதோம். அப்புறம் கார்ல தூக்கினு போனோம். என் மடியிலதான் தலை. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் பாடினா. அதுக்கு மேல பாடல."

"விசாரணை?"

"வந்தாங்க. அந்த நேரத்துல அவ இன்னா செஞ்சிக்கினு இருந்தான்னு கேட்டாங்க. பாடிக்கினு இருந்தான்னோம். நெஜந்தானே? பாட்டுல கவனம் போயி கைய வுட்டுட்டான்னு முடிச்சிட்டாங்க. டேப்பப் பத்தி எவனும் கேக்கல. எங்களுக்கும் வாய் வரல. அப்புறம்தான் அந்தப் போர்டு."

ஸ்ரீமதி திரும்பிப் போய் டேப்பைக் கிழித்தாள்.

மறுநாள் அது மீண்டும் ஒட்டியிருந்தது. மீண்டும் கிழித்தாள். இரண்டு கையாலும் பட்டனை அமுக்கி ஓட்டினாள். மற்ற பிரஸ்களின் தட்டுகளைவிட, அடித்த தகடுகளைப் போடும் அவளுடைய தட்டு மெதுவாக நிறைந்தது. டேப் இல்லாத நேரங்களில் குரல் வரவில்லை. ஷெட்டில் எண்ணெய் வாடை மட்டும்தான் இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரதராஜுலு தாமே வந்தார். நெற்றியில் மெல்லிய குங்குமக் கோடு, இஸ்திரி கலையாத சட்டை, அதட்டாத குரல்.

"ஏம்மா, ஆண்டவன் உனக்கு ரெண்டு கை குடுத்தது ஒண்ண அழகுக்கு வெச்சிக்கவா?"

"பயமா கீது சார்."

"பயமா? இல்ல, உனக்கும் பாட்டு கீட்டு கேக்குதா?" சிரித்தார். பக்கத்திலிருந்த யாரும் சிரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து டேப் சுருளை எடுத்து, இடது பட்டனை அமுக்கி, அவரே சுற்றி ஒட்டினார். கட்டைவிரலால் தடவி விளிம்பை ஒட்ட வைத்தார். "பூஜை முடிஞ்சி மறுநாள் லோடு போவணும். இது பிரிஞ்சிருந்தா நீ பஸ் ஏற வேண்டாம். வூட்லயே இரு."

அன்று மாலை அண்ணன் வீட்டில் மகிழினிக்குத் தலை பின்னும்போது ஸ்ரீமதியின் கண் தன் இடது கையிலேயே இருந்தது. பின்னல் அவிழ்ந்தது. மறுபடி போட்டாள்.

ஆயுத பூஜை அன்று ஷெட்டின் பெரிய ஷட்டரை முழுவதும் தூக்கியிருந்தார்கள். காலை வெயில் உள்ளே வந்து எண்ணெய்த் தரையில் பளபளத்தது. வாசலில் வாழைமரம். பிரஸ்கள் ஒவ்வொன்றுக்கும் சாமந்தி மாலை. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் குழந்தைகள் பொரியை இறைத்துக்கொண்டு ஓடின. வரதராஜுலுவின் மனைவி உமாதேவி சுண்டல் தட்டோடு நின்றாள்.

இயந்திரங்கள் எதுவும் ஓடவில்லை. விமல் மெயின் சுவிட்ச்சை அணைத்து, அதன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்திருந்தான். அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து ஸ்ரீமதி பார்த்ததில்லை. பாதத்தில் அதிர்வு இல்லாதது காலே இல்லாததுபோல இருந்தது.

வரதராஜுலு பட்டு வேட்டியில், சந்தனக் கிண்ணமும் குங்குமமும் ஏந்தி, ஒவ்வொரு பிரஸ்ஸாக வந்தார். சட்டத்தில் ஒரு பொட்டு. பிறகு கையை உள்ளே நீட்டி, தகடு அடிபடும் அச்சின் மேல் ஒரு பொட்டு. வேலை செய்யும் இடத்துக்கு வைப்பதுதான் முக்கியம் என்பது அங்கே வழக்கம். முதல் பிரஸ். இரண்டாவது. மூன்றாவது.

நாலாவதன் முன் வந்து நின்றார். இடது பட்டனின் டேப்பை மாலை மறைத்திருந்தது. கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

அவர் கையை உள்ளே நீட்டியபோது மகிழினி ஸ்ரீமதியின் புடவையை இழுத்தாள்.

"அம்மா, யாரும்மா பாடுறது?"

முதலில் ஸ்ரீமதிக்குக் கேட்கவில்லை.

பிறகு கேட்டது.

இந்த முறை முனகல் இல்லை. தெளிவாக, தாழ்வாக, பொறுமையாக வந்தது. ஓடிய குழந்தைகள் நின்றன. ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் திரும்பின.

*பொழுது சாய்ஞ்சா திரும்பி வருவேன்,*
*பூட்டாம வை கதவை.*

வரதராஜுலுவின் கை அச்சின் மேல் அப்படியே நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவரின் முகம் அது. கண்கள் கலங்கின. மெதுவாக மூடிக்கொண்டன.

ஸ்ரீமதி வலது பட்டனைப் பார்த்தாள்.

அதன் அருகில் யாரும் இல்லை.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. அவள் நாக்கில் அந்தப் பாட்டின் அடுத்த வரிதான் இருந்தது.

பட்டன் உள்ளே போனது.

ஒரே சத்தம். மாலையிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. சந்தனக் கிண்ணம் தரையில் உருண்டது.

வரதராஜுலு கண் திறந்தார். வாயைப் பிளந்தார். அலறல் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் பாடினார்.

அந்தத் தடித்த கழுத்திலிருந்து, ஒரு இளம்பெண்ணின் குரலில், முதல் வரியிலிருந்து பாடினார். அவருடைய கண்கள் மட்டும் அலறிக்கொண்டிருந்தன.

யாரும் அசையவில்லை. அசைய முடியவில்லை. விமலின் கை சாவிப் பையில் இருந்தது. உமாதேவியின் தட்டிலிருந்து சுண்டல் ஒவ்வொன்றாகக் கொட்டியது. தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே நின்ற இடத்தில் நின்று அவள் அழுதாள். எல்லோரும் அழுதார்கள். இவ்வளவு அழகான பாட்டை எப்படி நடுவில் நிறுத்துவது என்பதுபோல நின்று அழுதார்கள். பாட்டு அவசரப்படவில்லை. ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பாடியது.

முடிந்த பிறகுதான் விமல் ஓடினான். மெயின் அணைந்தே இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

ஞானம்மா ஓடவில்லை. நடந்து வந்து, நாலாம் பிரஸ்ஸின் மாலையை விலக்கி, இடது பட்டனைப் பார்த்தாள்.

டேப் இல்லை. பசைகூட இல்லை. யாரோ துணி வைத்துப் பொறுமையாகத் துடைத்திருந்தார்கள்.

காரில் கொண்டுபோகும்போது அவர் மறுபடி பாடத் தொடங்கினாராம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பாட்டு நின்றது என்று பின்னால் விமல் சொன்னான். அதைச் சொன்னதோடு அவன் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். "அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?"

"பாடிக்கினு இருந்தாரு சார்," என்றாள் ஞானம்மா.

அதிகாரி சிரித்தார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். உமாதேவி சொன்னபோது அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

பொங்கல் கழிந்து புது மேனேஜர் வந்தார். இளைஞர், மரியாதையாகப் பேசுபவர். வந்த அன்றே "பாடக்கூடாது" பலகையைப் பார்த்து வியந்து, அதைக் கழற்றச் சொன்னார். ஸ்ரீமதி வல்லக்கோட்டையில் ஒற்றை அறைக்குக் குடிவந்திருந்தாள். நாலாம் பிரஸ் இன்னும் அவளிடம்தான் இருந்தது. இரண்டு பட்டன், இரண்டு கை. தட்டு மெதுவாக நிறைந்தது. ஷெட் அமைதியாக இருந்தது.

ஒரு பிற்பகலில் அவர் அவள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு கையும் பட்டன்லயே இருந்தா தகட்ட யார் வைக்கிறது?" என்று இதமாகக் கேட்டார். பிரஸ்ஸின் ஓரத்தில் ஒரு புது டேப் சுருளை வைத்தார். "யோசிச்சிப் பாருங்க," என்றபடி அச்சுக்குள் விரலை விட்டுத் தகடு எப்படி உட்கார்கிறது என்று காட்டத் தொடங்கினார்.

மூன்றாம் பிரஸ்ஸில் ஞானம்மா வேலையை நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள்.

ஸ்ரீமதி இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வலது பட்டன் மெல்ல உள்ளே போனது. போய், வெளியே வராமல், இடது பட்டனுக்காக அப்படியே காத்திருந்தது.