மேற்கு மதில்மேல் ஒரு பை

“என் சின்னப் பையனை என் மருமக மலைமேலருந்து தள்ளிக் கொன்னுட்டா. அதை நீங்க நிரூபிச்சுக் கொடுக்கணும்.”

மரக்கடைக்காரர் நாற்காலியில் முழுதாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களின் பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்து, ஓய்வு பெற்றபின் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். எதற்கும் பதறாதவர் என்பதால் பழகியவர்கள் எல்லாரும் அவரை நிதானம் என்றே அழைத்தார்கள். உதவிக்கு இருந்தவளுக்கு அவர் வைத்த பெயர் அவசரம். அவள் அதற்குள் தாளில் ‘மருமகள்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

“தள்ளினாளா இல்லையான்னு கேளுங்க, பார்க்கறேன்,” என்றார் நிதானம். “தள்ளினான்னு நிரூபிக்கணும்னா வேற ஆளைப் பாருங்க.”

“எப்படிக் கேட்டாலும் பதில் ஒண்ணுதான் சார்.”

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலைமேல் இருக்கும் பழைய கோட்டையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். முழங்கால் வலி என்று பெரியவர் அடிவாரத்தில் காரிலேயே இருந்துகொண்டார். மூத்த மகன், இளைய மகன், இளையவனின் மனைவி, மூவரும் ஏறினார்கள். சாயங்காலம் மூத்தவன் மட்டும் இறங்கி வந்தான். புருஷனும் பெண்டாட்டியும் மேலே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இருவரும் பஸ்ஸில் வந்துகொள்வார்கள் என்றான். அப்பாவும் மகனும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் கோபம் ஆறாமல் அவள் போன் செய்து, “உங்க பிள்ளைகிட்டக் குடுங்க” என்று கேட்டபோதுதான் இளையவன் இரண்டு வீட்டிலுமே இல்லை என்று தெரிந்தது.

“என் பெரியவன் போலீஸைக் கூட்டிக்கிட்டு ஓடினான் சார். கம்பளி, கயிறு எல்லாத்தையும் ஒரு சாக்குல போட்டுத் தோள்ல தூக்கிக்கிட்டு, போலீஸ்காரங்களையே பின்னால விட்டுட்டு ஏறியிருக்கான். மேற்கு மதில்மேல தம்பியோட பை இருக்கறதை அவன்தான் முதல்ல பார்த்தான். அங்கேருந்து எட்டிப் பார்த்தா…”

கீழே ஒரு பாறை விளிம்பில் இளையவன் கிடந்தான். காலும் இடுப்பும் முறிந்திருந்தன. விடியும்வரை உயிர் இருந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

“அந்த மதில்ல கடைசியா அவன்கூட உட்கார்ந்திருந்தது அவதான். அவளே ஒத்துக்கறா. தனிக்குடித்தனம் போகணும்னு என் பிள்ளையை நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. ஆதாரம் கிடைச்சா உடனே கைது பண்றேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்.”

மறுநாள் காலை நிதானமும் அவசரமும் கோட்டைக்குப் போனார்கள். கீழ்வாசலில் மூங்கில் தடுப்பு போட்டு ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோகிறவர்கள் அவனிடம் அடையாள அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். பாட்டிலில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டுவான். பாட்டில் திரும்பி வந்ததும் சீட்டை உரித்துத் தன் பலகையில் ஒட்டிக்கொண்டு அட்டையைக் கொடுப்பான். மலையில் குப்பை சேராமலிருக்க இப்படி ஓர் ஏற்பாடு. அவசரம் தன் அட்டையைக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

பாறையைக் குடைந்து வெட்டிய படிகள். ஒவ்வொரு வாசலைத் தாண்டும்போதும் காற்று இன்னும் குளிர்ந்தது. கூரை போன குதிரை லாயத்துக்குள் மரங்கள் வளர்ந்து நின்றன, அவையே பழைய குடித்தனக்காரர்கள் என்பதுபோல. சுனையில் மேகம் தெரிந்தது. ராஜாக்கள் எதிரிக்குப் பயந்து கட்டிய இடத்துக்கு ஜனங்கள் ஆசையாகப் படமெடுக்க வருகிறார்களே என்று அவசரத்துக்குச் சிரிப்பு வந்தது. மேற்கு மதிலுக்கு வந்ததும் அது போய்விட்டது. மதிலில் ஒரு பகுதி இடிந்து, கல் ஆட்டம் கண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால், வளைந்து இறங்கும் படிகளும் அடிவாரத்து பஸ்களும் தெரிந்தன. நேர் கீழே அந்தப் பாறை விளிம்பு. எட்டிப் பார்த்தவள் சட்டென்று பின்வாங்கினாள்.

பதற்றத்தை அடக்கப் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து மதிலில் வைத்தாள். உறையைப் பிரிக்கக்கூட இல்லை, எங்கிருந்தோ வந்த குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இன்னொன்று அவள் கைப்பையைப் பிடித்து இழுத்தது. அவள் போட்ட கூச்சலில் நிதானம் மட்டும்தான் சிரித்தார்.

“இதுங்க எப்பவும் இங்கதான் இருக்கா?” என்று பக்கத்தில் வந்த காவலாளியின் துணையாளிடம் கேட்டார்.

“விடிஞ்சா போதும் சார், வந்து உட்கார்ந்துக்கும். மதில்ல ஒரு கடலைத் தோலைக்கூட விட்டுவைக்காது.”

கீழே இறங்கியபின் அவசரம் அட்டையைக் கேட்டாள். பாட்டில் எங்கே என்றான் காவலாளி. அது மேலே சுனைக்கரையில் இருந்தது. கெஞ்சினாள், அதட்டினாள், நாங்கள் யார் தெரியுமா என்றும் கேட்டுப் பார்த்தாள்.

“கலெக்டரே வந்தாலும் பாட்டில் வந்தாத்தாம்மா அட்டை.”

அவள் மூச்சு வாங்க மறுபடி ஏறி இறங்கி வரும்வரை நிதானம் மரத்தடியில் காவலாளியோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நல்ல காரியம் பண்ணினே” என்றார். அவர் கேலி செய்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

மருமகளை அவள் அம்மா வீட்டில் பார்த்தார்கள். அழுது ஓய்ந்த முகம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

“தனியாப் போலாம்னு கேட்டேன், உண்மைதான். அப்பாவை விட்டு வரமாட்டேன்னார். கோபத்துல எழுந்து நான் பாட்டுக்கு இறங்கிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. பை அவர் மடியில இருந்துச்சு.”

“உங்க புருஷனோட அண்ணன்?”

“சுனைப் பக்கம் போயிருந்தார்.”

“அண்ணன் தம்பிக்குள்ள எப்படி?”

அவள் தயங்கினாள். “கடை இருக்கற இடத்தை வித்துடணும்னு அவர் சொல்லிட்டிருந்தார். மாமா இவர்கிட்டதான் யோசனை கேட்பார். இவர் கூடாதுன்னுட்டார்.”

பிறகு போலீஸ் ஸ்டேஷன். இளையவனின் பையை மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினார்கள். துண்டு ஒன்று. பாதி தின்று மடித்து வைத்த பிஸ்கட் பாக்கெட். தண்ணீர் பாட்டில் ஒன்று, அதில் பாதிக்குமேல் தண்ணீர். பாட்டிலின் பக்கவாட்டில் சதுரமாகப் பசை படிந்து, அதில் தூசி ஒட்டியிருந்தது. நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரம் தவிப்போடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“உனக்கு என்ன தோணுது?”

“காவலாளி மேல சந்தேகமா இருக்கு.”

“ஏன்?”

“என்னை மறுபடி ஏற வெச்சானே!”

கடைசியாக மரக்கடை. மூத்தவன் அறுப்பு இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பணிவாகவே பேசினான். இருவரும் சண்டை போட்டது காதில் விழவே, குறுக்கே போகவேண்டாம் என்று தான் பாட்டுக்கு இறங்கிவிட்டதாகச் சொன்னான். மேற்கு மதிலில் தம்பியைப் பைகூடவே விட்டுவிட்டு வந்ததுதான் கடைசி. “இப்படி ஆகும்னு தெரிஞ்சா விட்டுட்டு வருவேனா சார்?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவசரத்துக்கும் கண் கலங்கியது. அந்த நேரத்து இரக்கத்தை அவள் பிறகு நினைத்து நினைத்துக் கூசினாள்.

அன்று மாலை மரக்கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெரியவர் சாய்வு நாற்காலியில். மூத்தவன் அவருக்குப் பக்கத்தில். மருமகளை நிதானம் சொல்லி வரவழைத்திருந்தார், அவள் கதவோரம் சுவரில் சாய்ந்து தரையில் இருந்தாள். யாரும் அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் சற்று நேரத்தில் வந்துவிடுவார்.

“இவ தள்ளினாளா இல்லையா, அதைச் சொல்லுங்க,” என்றார் பெரியவர்.

“சொல்றேன். அந்தப் பைக்குள்ள பாதி தின்ன பிஸ்கட் இருந்துச்சு. போலீஸ் போனப்போ வெயில் ஏறிடுச்சு. விடிஞ்சதுலருந்து அந்த மதில்ல குரங்குங்க உட்கார்ந்திருக்கும். பிரிக்காத பாக்கெட்டையே எங்க அவசரம் கைகிட்ட இருந்து ஒரு குரங்கு தூக்கிட்டுப் போச்சு. பையில ஒரு கீறல்கூட இல்லை. அப்போ அந்தப் பை ராத்திரி முழுக்க அங்க இல்லை. காலையில, போலீஸ் பார்க்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ கொண்டுபோய் வெச்சிருக்காங்க.”

அவசரம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனசுக்குள் சாக்கு ஒன்று தோளில் ஏறியது. கம்பளி, கயிறு, அதற்கடியில் ஒரு பை.

“இவ அன்னைக்குக் காலையில மலைப்பக்கமே வரலை,” என்று நிதானம் மருமகளைக் காட்டினார். பிறகு மூத்தவன் பக்கம் திரும்பினார். “நீங்கதானே கார் ஓட்டறீங்க? லைசென்ஸ் இருக்கா? கொஞ்சம் காட்டுங்க.”

மூத்தவன் குழப்பத்தோடு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

“மூணு பேரும் மேலே போனப்போ கீழ்வாசல்ல யாரோட அட்டையைக் கொடுத்தீங்க?”

மூத்தவன் லைசென்ஸைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினான்.

“இதைத்தான் கொடுத்திருக்கீங்க. காவலாளிக்கு முகம் ஞாபகமில்லை, லைசென்ஸ் வாங்கினது ஞாபகமிருக்கு. உங்க மூணு பேருக்கும் ஒரே பாட்டில். அது உங்க தம்பி பையில. பாட்டில் கீழ வராம இந்த லைசென்ஸ் உங்க கைக்கு வந்திருக்காது. பாட்டில்ல சீட்டு உரிச்ச இடம் அப்படியே இருக்கு. தம்பி கூடவே மேல இருந்ததா நீங்க சொல்ற பை, அன்னைக்குச் சாயங்காலம் உங்க தோள்ல தொங்கிக்கிட்டு வாசலைத் தாண்டியிருக்கு. லைசென்ஸ் இல்லாம வண்டி எடுக்க முடியாதேன்னு, பழக்க தோஷத்துல பாட்டிலை எடுத்துக் காட்டிட்டீங்க.”

மூத்தவன் தன் லைசென்ஸையே வெறித்துப் பார்த்தான். பிறகு உடைந்துபோனான்.

“நான் தள்ளலை. அப்பா, சத்தியமா நான் தள்ளலை. இவ கோவிச்சுக்கிட்டு இறங்கினா இல்ல, படியில தெரியறாளான்னு பார்க்க மதில்மேல ஏறினான். ‘அண்ணா, இதைப் பிடி’ன்னு பையை என்கிட்ட கொடுத்தான். கல்லு புரண்டுடுச்சு.”

“விழுந்தப்புறம் உயிரோட இருந்தார்,” என்றார் நிதானம்.

“ஆள் கூட்டிட்டு வரத்தான் இறங்கினேன் சார். ஓடித்தான் இறங்கினேன். வாசல்ல காவலாளி பாட்டிலை வாங்கி உரிச்சுக்கிட்டே, ‘மேல உங்க ஆளு யாராவது இருக்காங்களா, கதவைச் சாத்தணும்’னு கேட்டான்.” அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். “இல்லைன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியலை. சொன்னப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரலை. பையை டிக்கியில போட்டுட்டேன். வண்டியில அப்பா, ‘சின்னவன் எங்கடா’ன்னுதான் முதல்ல கேட்டார். எப்பவும் அவனைத்தான் கேட்பார்.”

மருமகள் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை. அவசரத்துக்கு அதுதான் தாங்கவில்லை.

“கீழே இருந்து பேசினாரா?”

மூத்தவன் தலையாட்டினான்.

“என்ன சொன்னார்?”

“வேண்டாம்மா…”

“என்ன சொன்னார்னு கேக்கறேன்.”

“‘தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டுப் போ அண்ணா’ன்னான். சட்டுன்னு வந்துடுவேன்டான்னு சொன்னேன். போட்டா உடைஞ்சிடும்னு… அதைக் காட்டாம லைசென்ஸ் தரமாட்டானேன்னு…”

அவசரம் கண்ணை மூடிக்கொண்டாள். பாதிக்குமேல் தண்ணீரோடு அந்தப் பாட்டில் போலீஸ் மேசைமேல் நின்றது. அதை எதிரில் வைத்துக்கொண்டு காவலாளியைத் திட்டியவள் அவள். யாரையும் திட்டுகிற தெம்பு இப்போது அவளிடம் இல்லை.

பெரியவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, மருமகள் அங்கே நிற்பதையே மறந்தவர்போல, தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சார், ஒருத்தன் போயிட்டான். இருக்கறது இவன் ஒருத்தன்தான். இவனையும் அனுப்பிட்டு நான் யாரை வெச்சுக்கிட்டு இருப்பேன்? பாட்டில் கீட்டில்னு நீங்க எதுவும் பார்க்கலை. இவ தள்ளினதாவே இருக்கட்டும். இவளுக்குக் குழந்தையா குட்டியா? ஊரு ஏற்கெனவே அப்படித்தானே பேசுது.”

அவசரம் பாய்ந்து எழுந்தாள். நிதானம் கையமர்த்தி அவளை உட்காரவைத்தார்.

“தள்ளினாளா இல்லையான்னு கேட்டீங்க. தள்ளலை. என் வேலை முடிஞ்சுது. மத்ததை இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்.”

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மூத்தவன் அசையவில்லை. பெரியவர் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். இருமல் வந்தது, நிற்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ நாள் பழக்கத்தில், மருமகள் பக்கம் கையை நீட்டினார்.

“அம்மா… கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா.”

அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். கூடத்தில் யாரும் எழுந்து போகவில்லை.