இரும்புப் பெட்டியில் ஒரு டிஸ்கெட்

தடயம் விடாத குற்றம் இந்த உலகத்தில் இல்லை. காணும் கண் இருந்தால் போதும், உண்மை ஒருநாள் தானே நடந்துவந்து வாசலில் நிற்கும். இந்தப் பொன்மொழி, மலாக்காவின் பெம்பான் ஊரில் ஸ்பேர்பார்ட்ஸ் கடை மாடியில் இருந்த பாக்கியலட்சுமி துப்பறியும் நிலையத்தின் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்ட உதவியாளன் காளிதாஸ் அன்று காலையிலிருந்து தன் இடது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்லா," என்றார் பாக்கியலட்சுமி, கோப்பியிலிருந்து தலை நிமிராமல்.

"ஒரு தடயமும் இல்லக்கா."

பாக்கியலட்சுமி இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது, தானாக எரியாத கடைகளையும் மோதாமலே நசுங்கிய லாரிகளையும் விசாரித்தவர். இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளைகளை விசாரித்தார். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவர் கருத்து. காளிதாஸ் செங் ஊரில் இருந்த தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு அவரிடம் சேர்ந்தவன். கணினி வகுப்பில் சான்றிதழ் வாங்கியிருந்தான். கணினி இன்னும் வாங்கவில்லை.

அப்போதுதான் தேவிஸ்ரீ படியேறி வந்தாள். மேசைமேல் ஒரு தாளைப் போட்டாள்.

"தோட்ட மக்கள் மேம்பாட்டுக் கழகத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குறேன்க்கா. நாளைக்குச் சாயங்காலம் செயற்குழுக் கூட்டம். அதுக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம்."

அது மன்னிப்புக் கடிதம். கழகத்தின் கணினி முடங்கும்படி அதன் நிரலில் வஞ்சகமாக வெடி வைத்ததைத் தானே ஒப்புக்கொள்வதாக அவளுக்காக யாரோ அழகான தமிழில் எழுதியிருந்தார்கள்.

"போடலன்னா?"

"வேலை போயிரும். போலீஸ் ரிப்போட்டும் போடுவாங்களாம். அப்புறம் மலாக்காவுல எவன் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடுவான்?"

"வெச்சியா நீ?"

"இல்ல."

"அப்போ போடாத."

"போடமாட்டேன்க்கா. அதுக்கு உங்ககிட்ட வரணுமா? ஏன் போடமாட்டேன்னு அவங்க முகத்துக்கு நேரா காட்டணும். அதுக்குத்தான் வந்தேன்."

காளிதாஸுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் விற்ற பிறகு, எந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று தேடிப் பிள்ளைகளுக்குப் பள்ளி உதவி சேர்ப்பது கழகத்தின் வேலை. அதற்காக வாங்கிய டேட்டாபேஸ் கருவி வெளிநாட்டுச் சரக்கு. எல்லாரிடமும் குடும்பப் பெயர் கேட்டது. நம்மவர்களிடம் இருப்பதோ அப்பா பெயர்.

"அப்பன் ஒரு குடும்பம், பிள்ளைங்க வேற குடும்பம்னு அது பிரிச்சு வெச்சிடுதுக்கா. அதான் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதினேன். யார் யாரோட பிள்ளைன்னு அது சேர்த்துக் காட்டும்."

"எக்ஸ்டென்ஷன்னா?"

"டாமான் குடியிருப்பு வீட்டுக்குப் பின்னால அடுப்படியை இழுத்துக் கட்டுறோமில்ல, அந்த மாதிரி. வீடு எவனோ கட்டினது, அடுப்படி நம்மது. டிஸ்கெட்ல இருக்குற கோப்பை அந்தக் கருவியோட இடத்துல போட்டு, 'இப்படி ஒண்ணு வந்திருக்கு'ன்னு அதுக்கிட்டச் சொல்லணும். மெனுவுல புதுசா ஒரு வரி வரும். அவ்வளவுதான்."

அந்த வரி, ஜாசின் டேவான் மண்டபத்தில் நடந்த தொடக்க விழாவில் வரத்தான் செய்தது. கழகத் தலைவர் தங்கராஜு, கழுத்தில் மாலையோடு அதை அமுக்கினார். 'கோப்பு பழுது' என்று சொல்லிவிட்டு இயந்திரம் உறைந்துபோனது. அதே டிஸ்கெட்டிலிருந்து போட்ட செங், செர்காம் கிளைகளிலும் அதே கதி. கிளைகளில் இருந்ததையெல்லாம் அழிக்கச் சொன்ன தலைவர், டிஸ்கெட்டை மட்டும் இரும்புப் பெட்டியில் பூட்டிக்கொண்டார்.

"என்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு. நல்லா ஓடுது. காட்டினா, நல்லதை வெச்சுக்கிட்டுக் கெட்டதைக் கொடுத்தேங்குறாரு."

"உனக்கு ஏன் இந்தப் பகைன்னு சொல்றாரு?"

"அழைப்பிதழ்ல என் பேரை எடுத்துட்டுத் 'தலைவர் உருவாக்கிய'ன்னு போட்டாங்க. கோவம் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அதுக்கு நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. 'இதைப் பற்றி'ன்னு ஒரு சின்ன சன்னல். அதுல கழகச் சின்னத்துக்கு மேல என் பேரைப் போட்டேன். டிஸ்கெட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைசியாச் சேர்த்தது. யாருக்கும் காட்டல. பூட்டித்தான் கொடுத்தேன்."

"டிஸ்கெட்டுக்குப் பூட்டா?"

"மூலையில ஒரு குட்டி ஓட்டை இருக்கும்க்கா. திறந்து வெச்சா யாரும் அதுல எழுத முடியாது. எதிர் மூலையில எப்பவும் திறந்தே இருக்குற ஓட்டையோட சேர்த்து, அப்போ ரெண்டு மூலையிலயும் வெளிச்சம் தெரியும்."

பாக்கியலட்சுமி கோப்பியை முடித்துக்கொண்டு எழுந்தார். காளிதாஸ் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு, தன் செருப்பு கிடைக்காததால் வீட்டுக்குள் போடுகிற ஜப்பான் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டான்.

கழக அலுவலகத்தின் பெயர்ப்பலகையைக் காளிதாஸ் இரண்டுமுறை படித்தான். 'சமூகச் செம்மல், தொண்டர் திலகம், கணினிக் காவலர் தங்கராஜு' என்பதோடு பலகை தீர்ந்துபோயிருந்தது. வர்ணம் அடித்தவன் மனம் தளராமல் 'பி.ஜே.கே.' என்ற அரசு விருதைப் பக்கத்துத் தூணில் எழுதியிருந்தான். தூண் அடுத்த கடைக்குச் சொந்தம்.

செயலாளர் கணேஸ்வரன் வாசலில் எதிர்கொண்டார். ஒல்லியான, எதையும் பாதியில் நிறுத்திப் பேசுகிற மனிதர். அவர் செருப்பில் சேறு. காளிதாஸ் பாக்கியலட்சுமியின் காதைக் கடித்தான்.

"சேறுக்கா! இந்தாளுக்குத்தான் எல்லாக் குடும்பத்தோட விலாசமும் மனப்பாடமாம். எக்ஸ்டென்ஷன் வந்தா இவரை யாரு தேடுவா?"

"மழை பெஞ்சிருக்குடா. உன் கால்லயும் சேறுதான்."

ஆனாலும் அவர் கணேஸ்வரனிடம் பேச்சுக் கொடுத்தார். கெட்டுப்போன கோப்புகளை எழுத்தெழுத்தாகத் திறந்து காட்டும் சின்ன நிரல் ஒன்றை தேவிஸ்ரீ தலைவர் அறைக் கணினியில் போட்டு வைத்திருப்பதைக் கணேஸ்வரன் சொன்னார்.

"ஒருதடவை அந்தப் பொண்ணு அதுல ஒரு உறுப்பினர் பேரைச் சரிபண்ணிக் காட்டுச்சு. 'அட, பேரை மாத்துறது இவ்வளவு சுளுவா'ன்னு தலைவர்கூட..." என்று நிறுத்திக்கொண்டார்.

தலைவர் தங்கராஜு சுழல் நாற்காலியில் பாதி சுழன்று வரவேற்றார்.

"அம்மா, நான் இந்தச் சமுதாயத்துக்காக என் இளமையைக் கொடுத்தவன். கம்ப்யூட்டர் யுகத்தை மலாக்காவுக்கு நான்தான் கொண்டுவந்தேன். ஆனா அந்த டிஸ்கெட்டை என் விரல் தொட்டதில்ல. உறையோட வாங்கினேன், உறையோட டேவானுக்குக் கொண்டுபோனேன்."

"அந்தப் பொண்ணு ஏன் இப்படிச் செய்யணும்?"

"திமிரும்மா! கழகத்தோட சின்னத்துக்கு மேலயே தன் பேரைப் போட்டுக்கிட்டவ, வேற என்னதான் செய்யமாட்டா?"

பாக்கியலட்சுமி அனுதாபமாகத் தலையாட்டினார். டிஸ்கெட்டைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாமா என்று கேட்டார். தலைவர் இரும்புப் பெட்டியைத் திறந்து, கற்பூரத் தட்டைக் காட்டுவதுபோல் சன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு உடனே பூட்டினார். ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

வெளியே வந்ததும் காளிதாஸ் துடித்தான். "செயலாளர்தானேக்கா? அந்த நிரலைப் பத்தி அவரே வாய்விட்டுச் சொல்றாரு!"

"வாய்விட்டது அவர் மட்டுமாடா?" என்றார் பாக்கியலட்சுமி.

மறுநாள் மாலை தலைவர் அறையில் செயற்குழு கூடியது. கறிபஃப் தட்டுகள் மேசையில் இருந்தன. தலைவர் மன்னிப்புக் கடிதத்தையும் பேனாவையும் தேவிஸ்ரீ முன் நகர்த்தினார்.

"சின்னப் பொண்ணு. கையெழுத்துப் போட்டா நான் மறந்திடுவேன். பெரிய மனசு எனக்கு."

"எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல தலைவரே. போடமாட்டேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு சோதனை," என்றார் பாக்கியலட்சுமி. "தங்கச்சி, உன் நல்ல பிரதிக்கு ஒரு நகல் எடுத்து, அதுல 'இதைப் பற்றி'ங்குற சன்னல்ல உன் பேரை அடிச்சுட்டு, அந்த இடத்துல இவன் பேரைப் போடு. எழுத்தெழுத்தா திறக்குற நிரலாலயே."

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள்தான். அவள் பெயரும் காளிதாஸின் பெயரும் அதில் ஒரே நீளம். தேவிஸ்ரீ மாற்றினாள், கருவியில் நிறுவினாள். மெனுவில் வரி வந்தது, அமுக்கியதும் திறந்தது. பெத்தம்மாள் என்ற உறுப்பினரின் பிள்ளைகள் நால்வரும், ஒருவன் செர்காமிலும் ஒருத்தி செங்கிலுமாக, அடுத்தடுத்து வந்து நின்றார்கள். சன்னலைத் திறந்தால், கழகச் சின்னத்துக்கு மேல் காளிதாஸ். அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இப்போ அதே இடத்துல வாசல் பலகையில இருக்குறதைப் போடு. தூண்ல இருக்குறதையும் சேர்த்து."

தலைவர் இருமினார். தேவிஸ்ரீ தட்டினாள், நிறுவினாள், அமுக்கினாள். 'கோப்பு பழுது' என்று இயந்திரம் டேவானில் சொன்னதையே சொல்லி உறைந்தது.

"ஒரு பேருக்குன்னு கட்டின அடுப்படி இது," என்றார் பாக்கியலட்சுமி. "அதே அளவு பேரா இருந்தா தாங்கும். நீளமான பேரை வெச்சா, பக்கத்துல இருக்குற கட்டளைங்க மேல ஏறி உக்காந்துடுது. இது வெடி இல்ல. இட நெருக்கடி."

யாரோ சிரித்துவிட்டு, கறிபஃபால் வாயை அடைத்துக்கொண்டார்.

"அபாண்டம்!" என்றார் தலைவர். "நான் தொடவே இல்லைன்னு..."

"சின்னத்துக்கு மேல அவ பேரு இருந்ததை நேத்து நீங்கதான் சொன்னீங்க. அவ அதை யாருக்கும் காட்டல. விழாவுல அது திறக்கவே இல்ல. உறையைப் பிரிச்சுப் போட்டுப் பாத்தவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பூட்டிக் கொடுத்த டிஸ்கெட்ல நேத்து ஒரு மூலையிலதான் வெளிச்சம் வந்துச்சு. யாரோ பூட்டை விலக்கி அதுல எழுதியிருக்காங்க. எழுதுறதுக்கான நிரல் உங்க அறையில இருக்கு, பேரை மாத்துறது சுளுவுன்னு கண்ணால பாத்தவரும் நீங்கதான். நான் சொல்றது தப்பா இருக்கலாம் தலைவரே. டிஸ்கெட்டைத் திறந்தா தெரிஞ்சிடும்."

"அது போலீஸுக்கான ஆதாரம்! யாரும் தொடக்கூடாது!"

தேவிஸ்ரீ எழுந்தாள். மேசைத் தொலைபேசியை இழுத்துத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"கூப்பிடுங்க. நானும் அவங்களைத்தான் கேக்குறேன். வரட்டும், அவங்க முன்னாலயே திறக்கட்டும். நம்பர் தெரியலன்னா நான் அடிச்சுக் கொடுக்குறேன்."

தலைவர் தொலைபேசியைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. கணேஸ்வரன் மெதுவாக எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"பெட்டிக்கு ரெண்டாவது சாவி செயலாளர்கிட்ட இருக்கணும்னு கழக விதி இருக்கு," என்றார். அன்று அவர் முழுசாகப் பேசி முடித்த முதல் வாக்கியம் அது.

டிஸ்கெட் திறந்தது. குப்பை குப்பையாக ஓடிய குறிகளுக்கு நடுவே, தேவிஸ்ரீயின் பெயர் இருந்த இடத்தில் தொடங்கி, சமூகச் செம்மலும் தொண்டர் திலகமும் கணினிக் காவலரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, கட்டளைகளை மிதித்துக்கொண்டு பி.ஜே.கே. வரை போனார்கள்.

"ஒரு சின்னத் திருத்தம்தானே..." என்றார் தலைவர் தங்கராஜு. "கழகத்தோட கௌரவத்துக்காக..."

தேவிஸ்ரீ மன்னிப்புக் கடிதத்தில் தன் பெயரை அடித்தாள். 'வெடி வைத்ததை' என்பதையும் அடித்து, 'பெயரை மாற்றியதை' என்று எழுதினாள். பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கையெழுத்துப் போடுங்க தலைவரே. உங்க பேரு மட்டும் போதும். இல்ல, எல்லாத்தையும் போடணும்னா பின்பக்கம் எடம் இருக்கு."

அவர் போட்டார். பெயர் மட்டும்தான் போட்டார்.

தேவிஸ்ரீ, தன் பெயர் அப்படியே இருந்த நல்ல பிரதியை அலுவலகக் கணினியில் நிறுவினாள். ஓட்டையைத் திறந்து பூட்டிய அந்த டிஸ்கெட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். தன் பெயர் திரையிலிருந்து போனதில் காளிதாஸுக்குக் கொஞ்சம் வருத்தம்.

கூட்டம் கலையும்போது குழுவின் மூத்த உறுப்பினர் காளிமுத்து, ஆர்வமாகத்தான் கேட்டார். "அதிருக்கட்டும், இந்த பி.ஜே.கே. எப்போ கிடைச்சுது தலைவருக்கு? ஒரு விருந்துகூட வைக்கலையே?"

எல்லாரும் கணேஸ்வரனைப் பார்த்தார்கள்.

விருதுக்கான மனு அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அது இன்னும் தபாலில் சேர்க்கப்படவில்லை.