மோட்டார் போடறேனுங்கோ!

துடியலூருக்கு வடக்கே நாச்சிமுத்துவின் தோட்டத்தில், மோட்டார் ரூம் சுவரில் ஒரு குண்டு பல்பு இருந்தது. அது எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். எப்போது எரியும் என்று அந்தப் பல்புக்கே தெரியாது.

அதனால் நாச்சிமுத்து எந்தச் சாப்பாட்டையும் முழுதாகச் சாப்பிட்டதில்லை. சோற்றைப் பிசைவார். பல்பு எரியும். கையை உதறிக்கொண்டு ஓடுவார்.

சுவிட்சைப் போடுமுன் தொண்டை கிழியக் கத்துவார்.

"மோட்டார் போடறேனுங்கோ!"

கிணற்றுத் தண்ணீர் குழாய் வழியாகத் தொட்டியில் விழும் வேகத்தில் பெரிய ஆளே தடுமாறிப் போவார். தொட்டிக்குள் துணி துவைப்பவர்களும் விளையாடும் பிள்ளைகளும் அந்தச் சத்தம் கேட்டதும் வெளியே ஏறிவிடுவார்கள். கத்தாமல் சுவிட்சைத் தொடக்கூடாது என்பது அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எழுதாத சட்டம்.

ஒருநாள் எலக்ட்ரீஷியன் யூனுஸ் வந்து ஒரு புதுப் பெட்டியை மாட்டினார். ஆட்டோ ஸ்டார்ட்டர்.

"இனி நீங்க ஓட வேண்டாமுங்க. கரண்ட் வந்தா பல்பு எரியும். கொஞ்ச நேரங்கழிச்சு மோட்டார் தானா ஓடும்."

"உடனே ஓடினா என்னங்கண்ணா?" என்று கேட்டாள் பொற்கொடி. நாச்சிமுத்துவின் மகள், ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு எல்லாவற்றிலும் ஒரு கேள்வி உண்டு.

"எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடுனா வோல்டேஜ் தாங்காது கண்ணு. அதான் கொஞ்சம் மூச்சு உட்டுட்டு ஓடும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாச்சிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்து சாம்பார் சோற்றை முடித்தார். அப்பளம் கேட்டு வாங்கினார்.

"உங்களுக்கு ரசம் ஊத்தி எத்தன வருசமாச்சுங்க!" என்று சிரித்தாள் பொற்கொடியின் அம்மா கனகம்.

பொற்கொடி கை கழுவ வாசலுக்கு வந்தாள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை. பார்க்கவே வேடிக்கையாக இருந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில், பக்கத்துத் தோட்டத்து ராசம்மாள் அக்கா மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் கதிரைக் காணோம். இரண்டு வயசு. எப்போதும் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டே அலைகிறவன்.

பொற்கொடி தொட்டியைப் பார்த்தாள்.

காய்ந்த தொட்டிக்குள் துணி விரித்துக் கதிரைத் தூங்க வைப்பது ராசம்மாளின் வழக்கம். உள்ளே நிழல் இருக்கும். எழுந்தாலும் சுவர் ஏறிக் கிணற்றுப் பக்கம் போக மாட்டான். தண்ணீர் வருமுன்தான் நாச்சிமுத்து கத்துவாரே! அப்புறம் என்ன பயம்?

ஆனால் இன்றைக்குக் கத்த ஆள் இல்லை.

தொட்டி தூரத்தில் இருந்தது. சுவிட்சைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். பொற்கொடி இரண்டு கைகளையும் வாயருகே குவித்தாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"மோட்டார் போடறேனுங்கோ!"

ராசம்மாள் அரிவாளைப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குதித்தாள். மகனை அள்ளிக்கொண்டு வெளியே ஏறினாள். மோட்டார் உறுமியது. குழாயிலிருந்து தண்ணீர் ஹோவென்று கொட்டியது. கதிர் படுத்திருந்த துணி சுருண்டு மிதந்தது.

ரசச் சோற்றுக் கையோடு நாச்சிமுத்து ஓடி வந்தார்.

"ஆரு கண்ணு கத்துனது?"

"நாந்தானுங்கப்பா. பல்பு எரிஞ்சுது, ஆருமே கத்தல. கதிரு தொட்டிக்குள்ள தூங்கிட்டிருந்தானுங்க."

நாச்சிமுத்து தொட்டியில் மிதந்த துணியைப் பார்த்தார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் வரலைன்னுதானுங்க தைரியமாப் படுக்க வெச்சேன்," என்றாள் ராசம்மாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கதிருக்குத் தூக்கம் கெட்ட கோபம். எல்லாரையும் முறைத்தான்.

"உங்க மேல தப்பில்லீங்க அம்மணி. புதுப் பெட்டி மாட்டுனத நாந்தான் சொல்லாம உட்டுப்போட்டேன். இந்தச் சனியனே வேண்டாம். நாளைக்கே கழட்டச் சொல்லிப்போடறேன்."

பொற்கொடிக்கு, பாதி சாப்பிட்ட அப்பாவின் தட்டு நினைவுக்கு வந்தது.

"பெட்டி இருக்கட்டுங்கப்பா. அதுக்கு ஓடத் தெரியுது, கத்தத்தான் தெரியல. பல்பு எரியறப்பவே ஒரு மணியும் அடிச்சா?"

நாச்சிமுத்து மகளை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவு பயத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

யூனுஸ் பெரிய மணி ஒன்றை மாட்டினார். நாச்சிமுத்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மணி கணகணவென்று அலறியது. நாச்சிமுத்து பழக்கத்தில் பாதி எழுந்துவிட்டார். கனகம் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

ராசம்மாள் கதிரை இடுப்பில் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். கதிர் நெஞ்சை நிமிர்த்திக் கத்தினான்.

"மோத்தா போதறேனுங்கோ!"

தண்ணீர் கொட்டியது. நாச்சிமுத்து நிம்மதியாக மோருக்குக் கையை நீட்டினார்.