பதினோராம் அறையின் தகடு

வரவேற்பறைச் சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டியில் இருபது சிறு கட்டங்கள். பத்தொன்பதில் வெறும் கறுப்பு. பதினொன்றில் மட்டும் ஒரு சிவப்புத் தகடு விழுந்திருந்தது.

காலையில் விடுதிக்காரர் அவனுக்குக் காட்டியபோது இருபதுமே கறுப்பாகத்தான் இருந்தன.

"அந்தக் காலத்து அழைப்பு மணி சார். ரூம்ல பொத்தானை அமுக்கினா இங்க மணி அடிச்சு, அந்த நம்பர்ல தகடு விழும். வேலையாள் போய்ப் பாத்துட்டு வந்துதான் குமிழைத் தள்ளித் தகட்டை ஏத்தணும். போகாமலே ஏத்தினா அன்னிக்கே சீட்டு கிழிஞ்சிரும்." பெட்டிக்கு அடியில் தொங்கிய ஒயர்க் கொத்தைத் தூக்கிக் காட்டினார். எல்லாமே அறுந்த நுனிகள். "அறுத்து நாப்பது வருஷம் ஆச்சு."

மனைவி இறந்து எட்டு மாதங்கள். குழந்தைக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று மாமியார்தான் இந்தக் கடற்கரைத் தெருவுக்குக் கூட்டி வந்திருந்தாள். நூறு வருஷப் பழைய விடுதிகள் தோளோடு தோள் நிற்கும் தெரு. மரப்படியில் கால் வைத்ததுமே, "என் முட்டி மாதிரியே கத்துதே" என்று சிரித்தவள், மணிப் பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாப்பிள்ளை வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்துச்சுங்க. எம்பொண்ணு படுத்த படுக்கையா கெடந்தப்ப மாப்பிள்ளை வாங்கி மாட்டினார். ராத்திரி பத்து தடவை அடிப்பா. பத்து தடவையும் எழுந்து போவார், முகம் சுளிக்க மாட்டார். கடைசி ராத்திரி மட்டும் அவ அடிக்கவே இல்ல. காலையில நான் வந்து அமுக்கிப் பாத்தேன். நல்லாத்தான் அடிச்சுது. அமுக்கக்கூடத் தெம்பில்லாம போயிட்டா, பாவி மக."

விடுதிக்காரர் அவனை மரியாதையோடு பார்த்தார். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ராத்திரியும் அவள் அடித்தாள். மூன்று தடவை எழுந்து போனான். நான்காவது தடவை அடித்தபோது மணியின் முதுகைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் படுத்தான். அத்தனை மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை. விடிந்ததும் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து பேட்டரிகளைப் போட்டான். அதற்குப் பிறகுதான் மாமியாருக்குப் போன் செய்தான்.

இப்போது மதியம் மூன்று மணி. மாமியாரும் மகளும் மணலில் விளையாடப் போயிருந்தார்கள். விடுதிக்காரர் சாப்பிடப் போய்விட்டார். ஈரக் கம்பளத்தின் புளித்த வாடையும், உப்பேறிய சன்னல் கதவுகள் காற்றில் ஒன்றன்பின் ஒன்றாக முனகும் ஓசையும், அலை பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் யாரோ நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை விடுவது போன்ற இழுவையும் அந்த நீண்ட கூடத்தை நிறைத்திருந்தன. பதினோராம் அறை அவர்களுடையது. பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப்பையில் கனத்தது.

மாடிக்குப் போய்ப் பார்த்துவர ஒரு நிமிடம் ஆகாது.

அவன் குமிழைத் தள்ளினான். தகடு மேலேறியது.

நாற்காலிக்குத் திரும்புவதற்குள் முதுகுக்குப் பின்னால் 'டக்'. மறுபடி சிவப்பு. ஏற்றினான். இம்முறை மணியும் அடித்தது. சின்னதாக, தயங்கித் தயங்கி. தொந்தரவு கொடுக்கிறோமே என்று கூசுகிறவள் அடிப்பது போல. அந்தத் தயக்கம் அவனுக்குப் பழக்கம்.

ஏற்றினான். விழுந்தது.

ஏற்றினான்.

அடித்தது. விடாமல். கண்ணாடியைத் திறந்தான். மணியின் சிறு சுத்தியலை உள்ளங்கையால் பொத்தினான். கைக்குள் அது துடித்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

"என்ன மாப்பிள்ளை பண்றீங்க?"

வாசலில் மாமியார். பாவாடையெல்லாம் மணலோடு மகள்.

"ஒண்ணுமில்ல அத்தை. பழசு. தானா அடிக்குது."

"தானா எப்படி அடிக்கும்? நம்ம ரூம் நம்பர்தானே அது? போய்ப் பாக்கலையா?"

அவன் சுத்தியலை இன்னும் இறுக்கிப் பொத்தினான்.

"அப்பா போக மாட்டார்" என்றாள் மகள். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தெரிந்ததைச் சொல்லும் குரல். "கைக்குள்ள வச்சுக்கிட்டுத் தூங்கிடுவார்."

"எதை வச்சுக்கிட்டு?"

"பேட்டரிய."

மாமியார் அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். அவன் சாவியைக் கொடுத்தான்.

படிகள் கத்தின. இம்முறை அவள் சிரிக்கவில்லை. பூட்டு திறந்தது. அவன் பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தான்.

யாரும் இல்லை. மூடிய சன்னலின் இடுக்குகள் வழியே வெயில் கோடுகளாக விழுந்த கட்டில். சுருக்கமில்லாத விரிப்பு. தலையணையில் மட்டும் ஒரு குழி. தலைமாட்டுச் சுவரில், ஒயரே இல்லாத வட்டத் தகட்டின் நடுவே வெள்ளைப் பொத்தான்.

உள்ளே போயிற்று.

வெளியே வந்தது.

மறுபடி உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை.

கீழே மணி அலறியது.

மாமியார் கட்டிலருகே போய், காற்றில் எதையோ பிடித்துக்கொள்வது போலக் கையை நீட்டி, அப்படியே நிறுத்திக்கொண்டாள். திரும்பவில்லை.

"தெம்பு இருந்திருக்கு மாப்பிள்ளை" என்றாள்.

பொத்தான் அதன் பிறகும் அமுங்கியது. சுவருக்குள், இன்னும் உள்ளே. அதைச் சுற்றியிருந்த சுண்ணாம்பு மெல்ல வெடித்து, தலையணைக் குழிக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது.